மயிலைக் காளையின் சிறுநீரும் சண்முகப்ரியாவின் முனைவர் பட்டமும்

வெள்ளை வேட்டியில் ஒரு சுருக்கம் விழாமல் வீற்றிருக்கும் விழாத் தலைவர், எங்கள் வட்டார ரேக்ளா வண்டிப் பந்தய ஆர்வலர் சங்கத்தை வழிநடத்தும் அண்ணன் கிருபாசங்கர் அவர்களே! அகவையில் மூத்து அன்பில் இளைத்துவிடாத பெரியோர்களே! வெடியால எழுந்து பால் கறந்து, கட்டுத்தரை கூட்டி, அத்தனை வேலையையும் முடித்துவிட்டு அசராமல் வந்து அமர்ந்திருக்கும் அருமைத் தாய்மார்களே! தறிச் சத்தத்தை ஒரு பொழுது ஓயவைத்துவிட்டுக் கருமத்தம்பட்டியிலிருந்து பஸ் ஏறி வந்த தோழர்களே! காவிரித் தண்ணீர் குடித்த காளைகளோடு கொடுமுடியிலிருந்து வந்து, எங்களிடம் தோற்றுப்போனாலும் சிரித்த முகம் மாறாத விருந்தாளிகளே!

என்னங்க? கொடுமுடிக்காரர் ஒருத்தர் கையைத் தூக்குகிறார். "போன வருஷம் நாங்கதான் ஜெயிச்சோம்" என்கிறாரா? சரிங்க, சரிங்க. அதையும் சேர்த்துக்கொள்கிறேன். வென்றும் வீறாப்புக் காட்டாத விருந்தாளிகளே! இப்போது திருப்தியா? கையை இறக்கிக்கொள்ளுங்கள்.

இந்தத் திருமூர்த்தியை உங்களுக்குத் தெரியும். ரேக்ளாத் திடலில் மைக் பிடித்து, "வருது வருது, வாய்க்கால் தாண்டி வருது" என்று தொண்டை கிழியக் கத்துகிறவன். காளை ஓடி முடித்த பிறகும் என் வாய் ஓடிக்கொண்டிருக்கும் என்று என் வீட்டிலேயே சொல்வார்கள். அப்படிப்பட்டவனைக் கூப்பிட்டு, "ஒரு முனைவர் பட்டத்தைப் பாராட்டிப் பேசு" என்றார் தலைவர். தடயவியலில் முனைவர் பட்டம்! போதைப்பொருளையும் ஊக்க மருந்தையும் ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடிக்கும் ஆராய்ச்சி! எனக்குக் காளையின் வால் தெரியும், கொம்பு தெரியும், சுழி தெரியும். வேதியியல் தெரியுமா? தெரியாது. ஆனால் சண்முகப்ரியாவைத் தெரியும். அது போதும் என்று மேடை ஏறிவிட்டேன்.

தோழர்களே! தடயவியல் என்றதும் உங்கள் மனதில் எது வருகிறது? கொலையா? கொள்ளையா? கையுறை மாட்டிய காவல்துறையா? ஒன்றை நினைத்துப் பாருங்கள். குத்துப்பட்ட மனிதன் வாய் திறந்து சொல்வான். கொள்ளை கொடுத்தவன் கூவி அழுவான். ஆனால் காளை என்ன செய்யும்? ஊசி போட்டாலும் சொல்லாது. மாத்திரை கொடுத்தாலும் மறுக்காது. ஓடு என்றால் ஓடும், உயிர் உள்ளவரை ஓடும். நம் திடலிலேயே பார்த்தோமே! எல்லைக்கோட்டைத் தாண்டிய ஒரு காளை, கைதட்டல் அடங்குவதற்குள் கால் மடங்கிச் சரிந்ததே! வாயில் நுரை தள்ளிய அந்த வாயில்லா ஜீவனைப் பார்த்து, எத்தனை பேர் அன்றைக்குச் சோறு இறங்காமல் படுத்தோம்! அன்றுதான் நம் சங்கம் முடிவெடுத்தது. ஓடும் காளை ஒவ்வொன்றுக்கும் பரிசோதனை. மருந்து கொடுத்தவர் யாராக இருந்தாலும், அவரும் அவர் காளையும் ஆயுசுக்கும் இந்தத் திடலில் கால் வைக்கக் கூடாது.

சோதிக்க யார் வருவார் என்று தேடியபோது வந்தவர்தான் இந்தப் பிள்ளை. கருமத்தம்பட்டித் தறிக்குடோனில் வேலை பார்க்கும் மாசாணத்தின் மகள். கோவையில் ஆராய்ச்சி மாணவி. "பந்தயக் குதிரைக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று உலகமெல்லாம் ஆராய்ந்துவிட்டார்கள், நம் காங்கேயம் காளையை யாரும் ஆராயவில்லை, நான் ஆராய்கிறேன்" என்று வந்து நின்றார். கையில் என்ன இருந்தது தெரியுமா? மூங்கில் கழியின் முனையில் கட்டிய ஒரு பிளாஸ்டிக் மக்கு!

சிரிக்காதீர்கள். சரி, சிரியுங்கள். நானும் அன்றைக்குச் சிரித்தேன். காளை எப்போது சிறுநீர் கழிக்கும் என்று அந்தக் கழியை நீட்டிக்கொண்டு இவர் பின்னாலேயே நடப்பார். இவர் நின்றால் அது நடக்கும். இவர் நடந்தால் அது நிற்கும். கழியை ஒரு கணம் கீழே வைத்து முகம் துடைத்தாரோ இல்லையோ, அந்தக் கணம் பார்த்துப் பெய்துவிடும்! நான் மைக்கில் சும்மா இருப்பேனா? "சண்முகப்ரியா நெருங்குகிறார்! காளை நகர்கிறது! கழி நீள்கிறது! ஐயோ, கைநழுவிப் போய்விட்டது!" என்று வருணனை செய்தேன். கூட்டம் ரேக்ளாவை விட்டுவிட்டு இவரைப் பார்த்தது. வேறொருவராக இருந்தால் அன்றோடு ஊரைப் பார்த்துப் போயிருப்பார். இந்தப் பிள்ளை என் பக்கம் திரும்பி, "ஏனுங்ணா, நீங்க கத்துற கத்துலதான் மாட்டுக்கு வாரதும் வர மாட்டேங்குது" என்றார். அத்தோடு நான் வாயை மூடினேன். மூடியதும் வந்தது! அறிவியலுக்கு இந்தத் திருமூர்த்தி செய்த ஒரே தொண்டு அதுதான்.

எடுத்ததை இரண்டு குப்பியில் ஊற்றுவார். காளைக்காரர் கண்ணெதிரே அரக்கு வைத்து மூடுவார். ஒன்று சோதனைக்கு, இன்னொன்று பனிப்பெட்டியில் பத்திரமாக. "எனக்குத் தப்பு நேந்துபோட்டா, வேற ஒருத்தர் மறுபடி சோதிச்சுப் பாக்கோணுமல்லங்க" என்பார். தன் முடிவின் மேலேயே சந்தேகப்பட இடம் விட்டு வைக்கிற மனசு நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது?

ஒரு நிமிடம் பொறுங்கள். தலைக்கு மேல் விமானப்படை விமானம் போகிறது. சூலூரில் மேடை போட்டால் வானத்துக்கும் சேர்த்துத்தான் பேச வேண்டும். போய்விட்டதா? போய்விட்டது.

இனித்தான் கதை. இந்தத் தை மாதப் பந்தயத்தில் முதலில் வந்தது யார் வண்டி? சுல்தான்பேட்டை நாச்சியம்மாள் வண்டி! வலப்பக்கம் சாம்பல் நிறத்து மயிலை, இடப்பக்கம் செந்நிறத்துச் செவலை. பூட்டி ஓட்டியது, அவர் கட்டுத்தரையில் வேலை பார்க்கும் ஜெரோம். ஜெரோம் வண்டியில் நின்றால் காளைக்குச் சாட்டையே வேண்டாம், நாக்கைச் சொடுக்கினால் போதும். இரண்டாவது வந்தது யார்? நாச்சியம்மாளின் வேலிக்கு அந்தப் பக்கத்துத் தோட்டக்காரர் தனபால் அண்ணன். தோற்ற கையோடு அவர் மேடைக்கு வந்து சொன்னார்: "இது சாதாரண ஓட்டமில்லீங்க. மயிலைக்கு என்னமோ குடுத்திருக்காங்க. நல்லாச் சோதிச்சுப் பாருங்க."

சோதித்தார் சண்முகப்ரியா. செவலையிடம் ஒன்றுமில்லை. மயிலையிடம் இருந்தது! தியோபுரோமின் என்று ஒரு பொருள். காபியில் இருக்கும் காஃபினுக்குத் தங்கச்சி மாதிரி, நெஞ்சை வேகமாகத் துடிக்க வைப்பது, பந்தய விலங்குகளுக்கு ஆகாதென்று ஒதுக்கிவைத்தது.

தாய்மார்களே! நாச்சியம்மாள் அக்காவின் நிலையை எண்ணிப் பாருங்கள். காளைகளை அவர் வளர்த்த விதம் ஊருக்குத் தெரியும். காளைக்கு வயிறு சரியில்லை என்றால் அவர் சாப்பிட மாட்டார். அவர் பேரில் மருந்துப் பழி. ஆயுசுக்கும் தடை வரப்போகிறது. அதைவிடக் கொடுமை ஒன்று நடந்தது. "நான் கொடுக்கவில்லை, அப்படியென்றால் யார் கொடுத்தது?" இந்தக் கேள்வி ஒரு வீட்டுக்குள் புகுந்தால் என்ன ஆகும்? அவர் கண் ஜெரோமின் பக்கம் திரும்பியது. வாயால் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் மயிலைக்குத் தீனி வைக்கப் போன ஜெரோமின் கையிலிருந்த கூடையை வாங்கி, "நானே வெச்சுக்கறேன்" என்றார். அவ்வளவுதான். ஜெரோம் மறுநாளிலிருந்து அந்தக் கட்டுத்தரைப் பக்கம் வரவில்லை. குற்றம் யார் செய்தாரோ தெரியாது, தண்டனை மட்டும் தொடங்கிவிட்டது.

அந்த நிலையில் சண்முகப்ரியா அவர் வீட்டுக்குப் போகிறார். மாதிரி எடுக்கப் போகும்போதெல்லாம் சாப்பிடாமல் அனுப்பாத வீடு அது. அன்றைக்கும் தட்டில் சூடாகச் சந்தகை போட்டுவைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, நாச்சியம்மாள் அக்கா மெதுவாகக் கேட்டாராம்.

"கண்ணு, ஒண்ணுமில்லைன்னு எழுதிப்போடேன். நான் குடுக்கலைன்னு உனக்கே தெரியும்."

"நீங்க குடுக்கலைன்னு நானும் நம்பறேனுங்கம்மா. ஆனா மாட்டு ஒடம்புல இருக்குதே."

"அதுக்குத்தான் கேக்கறேன்."

"இன்னைக்கு இருக்கறதை இல்லைன்னு எழுதுனா, நாளைக்கு இல்லாததை இருக்குதுன்னும் எழுதலாமுங்கம்மா. அப்பறம் என் எழுத்தை எந்த மாடு நம்பும்?"

சந்தகை ஆறிப்போனது. சங்கத்திலோ இன்னொரு நெருக்கடி. "மருந்து கொடுத்தது உறுதி என்று ஒரு வரி எழுதிக் கொடு, தடை போட்டுவிட்டு வேலையைப் பார்ப்போம்" என்றார்கள் சிலர். ஏன் அண்ணா தலையைக் குனிகிறீர்கள்? நான் பெயர் சொல்லவில்லையே! அவர்களுக்கும் இவர் சொன்ன பதில் ஒன்றுதான். "இருக்குதுங்க. எப்படி வந்துச்சுன்னு தெரியாதுங்க. தெரியாததை எழுத மாட்டேனுங்க."

அன்பு கேட்டது, அசையவில்லை. அவசரம் கேட்டது, அசையவில்லை. ஒரு பக்கம் அழுகை, ஒரு பக்கம் அதட்டல், நடுவில் ஒரு நெஞ்சு நிமிர்ந்து நின்றது. அந்த நெஞ்சுக்குத்தான் இன்றைக்கு இந்த மாலை!

அத்தோடு நின்றாரா? கட்டுத்தரைக்கே வந்துவிட்டார். பருத்திக்கொட்டையைச் சோதித்தார். புண்ணாக்கைச் சோதித்தார். சோளத்தட்டு, தொட்டித் தண்ணீர், தவிடு, கழுத்தில் தடவும் வேப்பெண்ணெய், எதையும் விடவில்லை. ஒன்றிலும் ஒன்றுமில்லை. நானாக இருந்தால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பேன். இவர் உட்கார்ந்து யோசித்தார். மயிலையும் செவலையும் தின்பது ஒரே தொட்டியில். தொட்டியில் கோளாறு என்றால் இரண்டிலும் இருக்க வேண்டும். இருப்பதோ மயிலையிடம் மட்டும். சரி, பந்தயத்துக்காக மயிலைக்கு மட்டும் கொடுத்திருப்பார்களோ? பந்தயம் முடிந்து நாளாகிவிட்ட பிறகும், கழியும் மக்குமாகப் போய் மறுபடி எடுத்துப் பார்த்தார். அப்போதும் இருந்தது!

யோசியுங்கள் தோழர்களே! பந்தயமே இல்லாத நாளில் பந்தய மருந்து எதற்கு? ஓடாத மாட்டுக்கு ஊக்கம் எதற்கு? அப்படியென்றால் இது வெற்றிக்காகக் கொடுத்ததில்லை. யாரோ தினமும் கொடுக்கிறார்கள். மயிலைக்கு மட்டும் கொடுக்கிறார்கள். தொட்டிக்கு வராமல் கொடுக்கிறார்கள். மயிலையை வெடியால எங்கே கட்டுவார்கள்? கிழக்கு வேலியோரம். இந்தப் பிள்ளை கிளம்பி, பொழுது விடியும் நேரத்தில் வேலியோரம் வைக்கோல் போருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

வேலிக்கு அந்தப் பக்கம் செருப்புச் சத்தம். மயிலை காதைத் தூக்கியது. கயிறு இழுபடும் மட்டும் வேலியை நோக்கி நடந்தது. தோளில் கிடந்த துண்டில் எதையோ மூட்டை கட்டிக்கொண்டு, "வா சாமி, வா" என்று குழைந்து கூப்பிட்டபடி வந்தவர் யார்?

சொல்லுங்கள், யார்? பின்னால் இருந்து ஒரு அம்மணி சரியாகச் சொல்லிவிட்டார். புகார் கொடுத்த தனபால் அண்ணனேதான்!

துண்டைப் பிரித்தார். உள்ளே மஞ்சள் மஞ்சளாகக் கோகோ ஓடு. தென்னைக்கு நடுவே கோகோ போட்டிருக்கிறாரல்லவா! காயை உடைத்து விதையை விற்பனைக்கு எடுத்துவிட்டால், சதைப்பற்றான அந்த ஓடு மிச்சம். மயிலைக்கு அதென்றால் உயிர். அவர் வேலிக்கு மேல் நீட்ட, இது நாக்கைச் சுழற்றி வாங்க, இரண்டு பேருக்கும் உலகமே மறந்துபோனது. பிறகுதான் தனபால் அண்ணன் வைக்கோல் போர்ப் பக்கம் பார்த்தார்.

"ஏனம்மணி, இத்தனை வெடியால இங்க என்ன பண்றே?"

"மயிலைக்கு யாரு என்ன குடுக்கறாங்கன்னு பாக்கறேனுங்ணா."

"இது மருந்தில்ல அம்மணி. வெறும் ஓடு."

"எனக்கும் ஒண்ணு குடுங்ணா."

"உனக்கெதுக்கு? நீயும் திம்பியா?"

அந்த ஓட்டை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார். அதிலிருந்தது தியோபுரோமின்! தனபால் அண்ணனை நேரில் பார்த்து, "கூட்டத்துல நான் இதைச் சொல்லித்தான் ஆகோணுமுங்ணா. அதுக்கு முன்ன நீங்களே சொன்னா நல்லாருக்குமுங்க" என்று மட்டும் சொன்னார். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

கூட்டம் கூடியது. காளையில் இருந்ததும் ஓட்டில் இருந்ததும் ஒன்றே என்று இவர் விளக்கினார். "அந்த ஓடு மயிலைக்கு எப்படி வந்தது?" என்று தலைவர் கேட்டார். இவர் வாய் திறப்பதற்குள் தனபால் அண்ணன் எழுந்தார். என்ன பெரிய மீசை அவருக்கு! அந்த மீசையைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"நாந்தானுங்க. மயிலை எங்கூட்டுல பொறந்த கன்னுங்க. தாய் செத்துப்போச்சு, புட்டிப்பால் குடுத்து வளத்துனேன். அப்பறம் ஒரு கஷ்டத்துல நாச்சியம்மாவுக்கு வித்துப்போட்டேன். வித்த மாட்டுக்கிட்டப் போகக் கூடாதுன்னு தினமும் நெனைக்கறதுதானுங்க. காலு கேக்க மாட்டேங்குது."

தலைவர் கேட்டார்: "உங்க பந்தய மாட்டுக்கும் இதே ஓட்டைக் குடுப்பீங்களா?"

"அதுங்களுக்கா? பந்தய மாடுங்க அதுங்க! அளந்துதானுங்க தீனி. கண்டதையும் குடுப்பனா?"

"அப்ப மயிலைக்கு?"

"அது புள்ளைங்க."

சிரித்தோம். சிரித்துக்கொண்டே அழுதோம். சொந்தக் காளைக்குக் கண்டிப்பு, விற்ற காளைக்குச் செல்லம்! தான் ஊட்டியதைத் தானே பிடித்துக்கொடுக்கச் சொல்லிப் புகார் கொடுத்த புண்ணியவானை இந்தக் கொங்குச் சீமையில் அல்லாமல் வேறெங்கே பார்ப்பீர்கள்?

மருந்துப் பழி போனது. ஆயுசுத் தடை போனது. நாச்சியம்மாள் அக்கா கூட்டத்தின் கடைசி வரிசைக்கு நடந்து போனார். அங்கே சுவரோரம் நின்ற ஜெரோமின் கையைப் பிடித்து, "தப்பா நெனைச்சுப்போட்டேன் கண்ணு. நாளைக்கு வா, மயிலை உன்னைத் தேடுது" என்றார். ஜெரோம் தலையை ஆட்டினார்.

"அப்படியானால் வெற்றியும் அவருக்கே" என்று கூட்டம் கத்தியது. நானும் கத்தினேன். அப்போதும் இந்தப் பிள்ளை எழுந்து நின்றது! "எப்படி வந்தாலும் ஓடுன அன்னைக்கு ஒடம்புல இருந்துச்சுங்க. அது ஓட்டத்துக்கு ஒத்தாசை பண்ணுச்சா இல்லையான்னு என்னால சொல்ல முடியாதுங்க." வெற்றி ரத்தானது. கோப்பை யாருக்கு? இரண்டாவது வந்த தனபால் அண்ணனுக்கு! அவர் வாங்க மாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டார். நாச்சியம்மாள் அக்காதான், "வாங்கிக்குங்க தனபாலண்ணா, உங்க மாடும் நல்லாத்தான் ஓடுச்சு. எனக்குப் பேரு திரும்பி வந்துருச்சு, அது போதுமுங்க" என்று எடுத்துக் கையில் கொடுத்தார்.

அன்பர்களே! அறிவியலுக்கு ஈரமில்லை என்று யார் சொன்னது? ஈரமில்லாதவர் சிறுநீரில் மருந்து கண்ட அன்றே வழக்கை மூடியிருப்பார். ஈரம் மட்டும் உள்ளவர் சந்தகை தின்ற வீட்டுக்காக இல்லையென்று எழுதியிருப்பார். உண்மையை விடாமல் பிடித்துக்கொண்டு, அதே பிடியோடு மனிதரையும் விடாமல் பிடித்துக்கொண்டவர் இவர்! இவர் ஆய்வினால் இன்றைக்கு நம் சங்கம், காளைக்கு என்ன தீனி என்று முதலில் கேட்கிறது, பந்தயக் காளைக்குக் கோகோ ஓடு ஆகாதென்று தோட்டம் தோட்டமாகப் போய்ச் சொல்கிறது. நாளைக்கு ஒரு மனிதனின் மேல், வாய் பேசத் தெரிந்தும் யாரும் காது கொடுக்காத ஓர் ஏழையின் மேல், இப்படியொரு பழி விழுந்தால், அவன் குப்பியைச் சோதிக்கும் கை இந்தக் கையாக இருக்க வேண்டும்! இருப்பதை மறைக்காத கை! இல்லாததைச் சேர்க்காத கை! ஏன் என்று தெரியும்வரை ஓயாத கை! மாசாணம் அண்ணா, அழாதீங்க. தறி ஓட்டி நெய்த துணியெல்லாம் ஊருக்குப் போனது, இந்தப் பட்டம் ஒன்று உங்களுக்கே உங்களுக்கு.

முடிக்கிறேன். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், நானும் பார்த்துவிட்டேன். போன வாரம் விழாவுக்கு அழைக்க சண்முகப்ரியா சுல்தான்பேட்டைக்குப் போனார், நானும் கூடப் போனேன். கோப்பை எங்கே இருந்தது தெரியுமா? தனபால் அண்ணன் வீட்டு அலமாரியில் இல்லை. நாச்சியம்மாள் அக்கா வீட்டிலும் இல்லை. கிழக்கு வேலிக் கம்பத்தில் கம்பி போட்டுக் கட்டியிருந்தது! அதில் ஊறவைத்த பருத்திக்கொட்டை. மயிலை வாயை உள்ளே விட்டுத் தின்றுகொண்டிருந்தது. இந்தப் பக்கம் ஜெரோம், அந்தப் பக்கம் தனபால் அண்ணன்.

சண்முகப்ரியா போனார். மயிலையின் நெற்றியைத் தடவினார். தடவிக்கொண்டே கோப்பையிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துச் சின்னப் பையில் போட்டு மூடினார்.

தனபால் அண்ணன் முகம் வாடிப்போனது. "இன்னுமா அம்மணி என்மேல சந்தேகம்?"

"சந்தேகமில்லீங்ணா. உங்களுக்குப் பாசம் ஜாஸ்தி. அதானுங்க."

பொறுமையாகக் கேட்ட பெரியவர்களுக்கும், சிரித்துக் கலங்கிய தாய்மார்களுக்கும், கூடுதல் நேரம் கொடுத்துக் குறைபடாத தலைவருக்கும், வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்து வந்து ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கும் அந்த இரண்டு பேருக்கும், முனைவர் சண்முகப்ரியாவுக்கும் என் நன்றியைக் கைகூப்பிச் சொல்லி, மைக்கை வைக்கிறேனுங்க. வணக்கமுங்க!